ஒரு பக்கம் வெட்டிய கிட்டார்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கோல்மன் ஸ்ட்ரீட்டில் மழை பிடித்துக்கொண்டது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேமரா கடைகளையும் காலணிக் கடைகளையும் தாண்டிப் போனால் கிட்டார் கடைகள். அவற்றில் ஒன்றின் வாசலில் குடையை உதறிவிட்டு அப்பாவும் மகளும் உள்ளே வருகிறார்கள். அப்பாவுக்குத் தேக்கா பக்கம் பூக்கடை. விரல் நுனியில் மரிக்கொழுந்து வாசம் இன்னும் போகவில்லை. மகளுக்குப் பதினாறு வயது. ஓ லெவல் தேர்வு முடிந்தால் எலக்ட்ரிக் கிட்டார் என்று வீட்டில் பேச்சு. தேர்வு முடிந்துவிட்டது.

சுவரில் வரிசையாகத் தொங்குபவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பா கடைப் பையனிடம் கேட்கிறார்:

“தம்பி, இதுல ஏன் ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருக்கு?”

“கீழ இருக்கிற ஃப்ரெட் வரைக்கும் கை போகணும்ல அங்கிள், அதுக்குத்தான்.”

“அப்ப இன்னொரு பக்கம்?”

“அத விட்டுட்டாங்க. ரெண்டு பக்கமும் வெட்டினதும் இருக்கு. பாப்பா கேட்டது இந்த மாடல்தான்.”

அப்பா தலையாட்டுகிறார். கையில் எண்ணூறு வெள்ளி. அதற்குள் கிட்டார், ஆம்ப், உறை, கேபிள் எல்லாம் வந்துவிட வேண்டும். இந்தக் கணக்கோடுதான் இந்தத் தீவில் பல வீடுகள் முதல் கிட்டார் வாங்கக் கிளம்புகின்றன. ராக், ப்ளூஸ் பக்கம் மனசு போன பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இந்த ஒற்றை வெட்டு வடிவத்தைத்தான், சிங்கிள்கட் என்று.

ஒரு வெட்டு, இரண்டு வம்சம்

சிங்கிள்கட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மூத்தது ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர். 1950இல் வேறு பெயர்களில் கடைக்கு வந்தது, 1951இல் இந்தப் பெயர் நிலைத்தது. மெல்லிய பலகை உடம்பு, திருகு போட்டு முடுக்கிய கழுத்து, ஒற்றைச் சுருள் பிக்கப். அடுத்து 1952இல் கிப்சனின் லெஸ் பால். தடித்த மஹோகனிக் கட்டையின் மேல் மேப்பிள் பலகை, பசை போட்டு ஒட்டிய கழுத்து. 1957இல் அதில் ஹம்பக்கர் பிக்கப் ஏறியது. சேத் லவர் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களில், மின்கம்பியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும்.

ப்ளூஸ் என்றால் லெஸ் பால்தான் என்று சொல்பவர்களிடம் மட்டி வாட்டர்ஸின் சிவப்பு டெலிகாஸ்டரை நினைவூட்ட வேண்டும். ராக் என்றால் ஜிம்மி பேஜின் லெஸ் பால் என்பார்கள். அவருடைய லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் ஒலிப்பது டெலிகாஸ்டர். எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயால் குழுவோடு பதிவுசெய்த ஆல்பம்தான், அப்போது கடையில் விற்பனையிலேயே இல்லாத பழைய வடிவ லெஸ் பாலை உலகமெங்கும் தேட வைத்தது. கிப்சன் 1968இல் அதை மறுபடி செய்யத் தொடங்கியது.

இவற்றில் விரலுக்கு உடனே தெரியும் வித்தியாசம் தந்தியின் நீளம். லெஸ் பாலில் சுமார் 628 மில்லிமீட்டர், டெலிகாஸ்டரில் 648. இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததால் அதே சுருதியில் தந்தியின் இறுக்கம் ஆறு விழுக்காடு போலக் குறைகிறது. கேட்க அற்பமாக இருக்கும். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றும்போது விரல் நுனி அந்த ஆறு விழுக்காட்டை அப்படியே உணரும்.

ப்ளூஸின் உயிரே அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் அந்த இசை நின்று முனகுகிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. கர்நாடக இசையை எலக்ட்ரிக் கிட்டாரில் மேடையேற்றிய பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பாட்டு வகுப்போ வீணை வகுப்போ போன பிள்ளைகளுக்கு நான் குறைந்த நீளத் தந்தியைப் பரிந்துரைக்கிறேன். காது கேட்கும் இடத்துக்கு விரல் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும்.

தலையில் இருக்கும் பெயர்

கிப்சன் என்ற பெயரோடு லெஸ் பால் ஸ்டாண்டர்ட் வாங்க அமெரிக்காவிலேயே 2,500 டாலருக்கு மேல் வேண்டும். அதே நிறுவனம் 1957இல் வாங்கிய எபிஃபோன் பெயரில் அதே வடிவம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. ஃபெண்டருக்கு 1982 முதல் ஸ்குவையர் இருக்கிறது. பி.ஆர்.எஸ். நிறுவனத்துக்கு எஸ்.இ. வரிசை.

இந்த பி.ஆர்.எஸ். சிங்கிள்கட்டுக்கு ஒரு வழக்குக் கதை உண்டு. தன் வடிவத்தை நகலெடுத்ததாகக் கிப்சன் வழக்குப் போட்டு, 2004இல் உற்பத்திக்கே தடை வாங்கியது. கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர் குழம்ப மாட்டார், ஆனால் புகை மண்டிய மதுக்கூடத்தில் தூரத்திலிருந்து பார்ப்பவர் குழம்பலாமே என்பது கிப்சனின் வாதங்களில் ஒன்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தடை நீங்கியது. இன்று நடுத்தர விலையில் மூன்றாவதாக ஒரு தேர்வு நமக்குக் கிடைத்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

மலிவு வரிசை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவை எங்கே பிறக்கின்றன என்று பாருங்கள். எஸ்.இ. கிட்டார்கள் நமக்கு 1,400 கிலோமீட்டர் தூரத்தில், கிழக்கு ஜாவாவின் சுரபாயாவில், கோர்ட் என்ற கொரிய நிறுவனத்தின் ஆலையில் உருவாகின்றன. எபிஃபோனின் பெரும்பகுதி சீனாவின் சிங்தாவ் நகரில், கிப்சனின் சொந்த ஆலையில். கணினி வெட்டும் கழுத்தும் உடம்பும் இன்று அச்சு மாறாமல் வருகின்றன. விலை ஏறும்போது கூடுவது மரத்தின் தரம், பிக்கப், குமிழ்கள், கடைசியாக மனிதக் கை ஃப்ரெட்டைத் தேய்த்து மெருகேற்றும் நேரம். இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் நான் கூடுதலாகக் காசு தரத் தயார்.

எபிஃபோன், ஸ்குவையர் பலவற்றில் விரல் பலகை ‘இந்தியன் லாரல்’ என்று அட்டையில் எழுதியிருக்கும். அது நம்ம ஊர் கருமருது. அதற்கு முன் பெரும்பாலும் அந்த இடத்தில் இருந்தது ஈட்டி இனமான ரோஸ்வுட். 2017 ஜனவரியில் அந்த மரங்களின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டதும் ஆலைகள் மாற்று மரம் தேடின. 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. கருமருது மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ஈட்டியைவிட நிறம் சற்று வெளுப்பு, வாசிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நன்றாகக் கறுத்து வரும்.

பெட்டிச் செய்தி: சிங்கப்பூரும் இந்த வாத்தியமும்

1946: ஸ்வீ லீ இசைக்கருவிக் கடை தொடங்குகிறது.

1961: கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில். ஊரெங்கும் கிட்டார் குழுக்கள் முளைக்கின்றன.

1964: தி குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷாண்டி’ உள்ளூர்ப் பட்டியலில் முதலிடம்.

1965: ரோலிங் ஸ்டோன்ஸ், கிலமார்ட் ரோடு பேட்மிண்டன் அரங்கில்.

1972: முடி நீளம் என்பதற்காக லெட் செப்பலினை விமானத்திலிருந்து இறங்கவே விடவில்லை. நிகழ்ச்சி ரத்து.

1992: ருத்ரா குழு தொடங்குகிறது. வேத சுலோகங்களை மெட்டல் இசையோடு சேர்த்துத் தங்கள் பாணிக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயரிட்டு உலக மேடைகளுக்குப் போனவர்கள் நம் பிள்ளைகள்.

2016: கிப்சன் 1984இல் மூடிய கலமாசூ ஆலையில் பழைய தொழிலாளர்கள் மறுவருடம் தொடங்கிய நிறுவனம் ஹெரிடேஜ். அதில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் கைகோக்கிறது. முதல் லெஸ் பால் பிறந்த கட்டடத்தில் இன்று சிங்கப்பூர்ப் பணமும் இருக்கிறது.

கட்டிலுக்கு அடியில் இரண்டு வருடம்

என் அக்கா மகன் தோ பாயோவில் இருக்கிறான். பதினான்கு வயதில் இணையத்தில் ஒரு சிங்கிள்கட் வாங்கினான். படத்தில் தீப்பிழம்பு நிறம். பெட்டி வந்த அன்று வீடே கூடிப் பார்த்தது. நானும்தான் நிறத்தைப் பார்த்துப் பிரமித்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் சத்தம் நின்றுவிட்டது. கேட்டால், “எனக்குக் கை வரல மாமா” என்றான். அக்காவும் அதையே சொன்னாள். அவனுக்கு எதிலும் நிலைக்காது, ஆரம்ப சூரத்தனம் என்று. கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது.

இரண்டு வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்து, செட்டப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சிறிய எஃகு அளவுகோலை நிறுத்தினார். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர். இரண்டுக்குள் இருக்க வேண்டியது. கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. மேலே நட்டில் தந்தி உட்காரும் பள்ளம் ஆழம் போதாததால், முதல் ஃப்ரெட்டில் கார்டு பிடிப்பதே பெரியவர்களுக்கும் வலிக்கும் வேலை. “இத வெச்சு மூணு மாசம் வாசிச்சானா? கெட்டிக்காரப் பையன்” என்றார். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகி நிமிர்த்தி, நட்டை அரத்தால் ராவி, பாலத்தை இறக்கி, ஒன்பதாம் நம்பர் தந்தி போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை.

அன்று ராத்திரி பையன் சாப்பிட வரவில்லை. அறைக்குள்ளிருந்து கிட்டார் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அவன் இழந்த இரண்டு வருடத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். வாத்தியத்தின் கோளாறைத் தன் விரலின் கோளாறு என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தான். வீணை வாங்கும் வீட்டில் இப்படி நடக்காது. மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுகிறவர் ஒருவர் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்த மேளம் குலைந்தால் மறுபடி கட்ட வேண்டும் என்றும் தெரியும். கிட்டார் மட்டும் ஆலையிலிருந்து முடிந்த பொருளாக வருகிறது என்று நினைத்துவிடுகிறோம். எண்ணூறு வெள்ளிக் கணக்கில் செட்டப்புக்கு முதலிலேயே ஒரு பங்கு ஒதுக்கிவிடுங்கள். கடையிலேயே செய்து தருவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிக்கப்பை மாற்றலாமா, எந்தப் பலகை நல்லது என்ற விவாதங்களெல்லாம் அதற்கு அப்புறம்.

பெட்டிச் செய்தி: கடையில் பத்து நிமிடம்

முதலில் ஆம்ப்பில் செருக வேண்டாம். மடியில் வைத்து வெறுமனே மீட்டுங்கள். உடம்பு அதிர்கிறதா என்று வயிற்றில் தெரியும்.

முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கடியில் பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் தெரிந்தால் கழுத்து வளைந்திருக்கிறது.

எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசியுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை மெல்லிய தந்திகளை மேலே தள்ளுங்கள். சுரம் நடுவில் செத்துப்போனால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

தள்ளிவிட்டபின் மூன்றாவது தந்தியின் சுருதியைப் பாருங்கள். லெஸ் பால் பாணித் தலையில் அந்தத் தந்தி நட்டில் சிக்கிக்கொள்வது வழக்கம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினாலே பாதி சரியாகும்.

வாரைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். நான்கு கிலோ எடை தோளில் அப்போதுதான் தெரியும்.

எண்பத்திரண்டு விழுக்காடு

இந்தத் தீவின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 82 விழுக்காடு. கிட்டாருக்குப் பிடித்தது ஐம்பதை ஒட்டிய அளவு. பகலில் சன்னல் திறந்த அறை, இரவில் ஏர்கான். மரம் தினமும் ஒரு முறை ஈரத்தை வாங்கி ஒரு முறை விடுகிறது. கழுத்து நகர்கிறது. தந்தி சில வாரங்களில் துருப் பிடிக்கிறது. வியர்த்த விரலோடு வாசித்துவிட்டு அப்படியே சுவரில் மாட்டினால் ஃப்ரெட்டும் கறுக்கும்.

இந்த இடத்தில் மலிவு கிட்டாருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. விலை உயர்ந்த அமெரிக்கக் கிட்டார்களில் மெல்லிய நைட்ரோ வார்னிஷ் பூசுகிறார்கள். அது வெப்பத்திலும் வியர்வையிலும் பிசுபிசுக்கும், சில ரப்பர் தாங்கிகளில் வைத்தால் உருகி ஒட்டும். மலிவு வரிசையில் பூசும் பாலியுரித்தேன் தடித்த கண்ணாடி மாதிரி. ஈரம் உள்ளே போவதை அது நன்றாகத் தடுக்கிறது. நம் வீட்டுக்கு ஏற்றது அதுதான் என்பது என் அனுபவம்.

வாசித்ததும் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி, உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், வருடத்துக்கு இரண்டு முறை கழுத்தைப் பார்த்துத் திருகுவது. இவ்வளவு போதும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், உள்ளே தூசியோ துருவோ இருக்கும். ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவருக்குப் போனால் சுத்தம் செய்யும் தெளிப்பானும் கிடைக்கும், மாற்றுவதற்குப் புதுக் குமிழும் கிடைக்கும். ஹம்பக்கர் என்றால் 500கே என்று கேட்டு வாங்குங்கள்.

ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. லெஸ் பால் பாணிக் கிட்டாரின் தலை பின்பக்கமாகச் சாய்ந்தது. கிப்சனில் அந்தச் சாய்வு பெரும்பாலும் 17 பாகை. ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த இடமும் சரியாக அங்கேயே வருகிறது. நாற்காலியில் சாய்த்து வைத்தது வழுக்கி விழுந்தால், உறைக்குள் இருந்தாலும், கழுத்து முறியலாம். எம்ஆர்டி கூட்டத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். முன்னால் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். டெலிகாஸ்டரின் தலை சாய்வில்லாமல் நேராக இருக்கும், கழுத்தும் திருகில் நிற்பது. அடி தாங்கும் விஷயத்தில் அதற்கே என் ஓட்டு. தினமும் பள்ளிக்கும் ஜாமிங் ஸ்டூடியோவுக்கும் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைக்கு ஸ்குவையர் டெலியை யோசிக்கலாம்.

பத்தரை மணிக்கு மேல்

வீவக அடுக்குமாடியில் இரவு பத்தரை மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம். மேடையில் நிற்கும் ஆளுயர ஆம்ப்பை மனதில் வைத்துக் காசு செலவழிக்க வேண்டாம். ஹெட்ஃபோன் துளை உள்ள சிறிய ஆம்ப் போதும். ப்ளூஸுக்கு வேண்டிய லேசான கரகரப்பும் ராக்குக்கு வேண்டிய கனமும் இன்றைய சிறிய டிஜிட்டல் ஆம்ப்களில் மேசை மேலேயே கிடைத்துவிடுகின்றன.

வீட்டின் அளவு பிக்கப்பையும் தீர்மானிக்கிறது. சிறிய அறையில் கணினித் திரை, சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாம் கிட்டாரிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் அத்தனையின் இரைச்சலையும் வாங்கி ஒலிக்கும். மடிக்கணினியில் பதிவுசெய்யும் பிள்ளைக்கு அது தீராத தொல்லை. ஒரே கிட்டார், வீவக அறை, ராக்கும் ப்ளூஸும் இரண்டும் வேண்டும் என்றால் ஹம்பக்கர் சிங்கிள்கட் என்றுதான் நான் சொல்வேன். ஒற்றைச் சுருளின் கூர்மையும் அவ்வப்போது வேண்டுமா? எஸ்.இ. மெக்கார்ட்டி 594 சிங்கிள்கட் மாதிரி, குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும் மாடல்களைப் பாருங்கள். விலை எண்ணூறுக்குள் நிற்காது, இன்னும் சில மாதம் சேர்க்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு இணையக் கடையின் விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி அதற்கும் உண்டு. அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் புகை வரும்.

கைமாறியவை

முன்பு பழைய பொருள் என்றால் சுங்கை ரோடு. 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டது. இப்போது பழைய கிட்டார்கள் கைப்பேசியில், பெரும்பாலும் கேரோசலில் கைமாறுகின்றன. எண்ணூறு வெள்ளிக்குப் புதிதாக வாங்குவதைவிட நல்ல கிட்டார் அங்கே கிடைக்கும் என்பது உண்மை. ஆறு மாதம் வாசித்துவிட்டு விட்டவர்கள் ஏராளம். அதில் எத்தனை பேர் என் அக்கா மகன் மாதிரி செட்டப் இல்லாத கிட்டாரால் விட்டவர்களோ என்று எனக்குத் தோன்றும்.

நேரில் பார்க்காமல் காசு அனுப்ப வேண்டாம். வெளிச்சத்தில் கழுத்தின் பின்பக்கம், தலை சாயும் இடத்தில், தலைமுடி போன்ற கோடு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டிச் சரிசெய்தது என்று சொல்லி விற்றால் தவறில்லை, விலை அதற்கேற்றபடி இறங்க வேண்டும். கிப்சன் என்ற பெயரோடு ஆயிரம் வெள்ளிக்கு வந்தால் தலையில் இருக்கும் மணி வடிவ மூடியைப் பாருங்கள். அசலில் இரண்டு திருகு. மூன்று இருந்தால் விலகி வந்துவிடுங்கள்.

பெனின்சுலாவில் மழை விடவில்லை. அந்தப் பெண் ஆசைப்பட்டு வந்தது தேன் நிறத்துக்கு. கடைப் பையன் மூன்றை இறக்கிக் கொடுத்தான். தேன் நிறத்தில் பதினான்காவது ஃப்ரெட்டில் சுரம் செத்தது. அவளே கண்டுபிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது கனம். மூன்றாவது அலங்காரம் எதுவும் இல்லாத கறுப்பு. அதை மடியில் வைத்து, மூன்றாவது தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மெதுவாக மேலே தள்ளினாள். சுரம் ஏறி, நடுங்கி, நின்றது.

அதுவரை விலைச்சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

“எங்கம்மா வீணையில காந்தாரத்த இப்பிடித்தான் இழுப்பாங்க.”

கறுப்புக் கிட்டாரை உறையில் போட்டு, உறைக்கு மேல் ஒரு பெரிய குப்பைப் பையை மாட்டிக் கட்டிக் கொடுத்தான் பையன். “ஒரு மாசம் வாசிச்சிட்டுக் கொண்டு வாங்க அங்கிள். கட்டை உங்க வீட்டுக் காத்துக்குப் பழகினதும் கழுத்து கொஞ்சம் நகரும். பார்த்துத் திருகிக் குடுத்திடுறேன்.”

அப்பா சட்டைப் பையிலிருந்து பூக்கணக்கு எழுதும் சின்ன நோட்டை எடுத்தார். மல்லிகை, முல்லை என்று எழுதியிருந்த பக்கத்தின் கீழே அடுத்த மாதத் தேதியைக் குறித்துக்கொண்டார்.